அறுநூறு நாள்களின் வரலாறு: மலாயா அரசியலமைப்பு உருவாக்கத்தைத் தமிழ்ப்பள்ளி மாணவர்க்குக் கற்பித்தல்

முன்னுரை

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது என்பதைத் தமிழ்ப்பள்ளியில் பயிலும் பத்து வயதுப் பிள்ளை தடுமாறாமல் சொல்லிவிடும். துங்கு அப்துல் ரஹ்மான் மெர்டேக்கா அரங்கில் கையுயர்த்தி ஏழு முறை முழங்கியதும் அப்பிள்ளைக்குத் தெரியும். ஆனால், விடுதலை பெறும் நாடு எந்த விதிகளின்படி ஆளப்பட வேண்டும் என்பதை யார், எங்கே, எவரைக் கேட்டு முடிவு செய்தனர் எனும் வினாவுக்கு அப்பிள்ளையிடம் விடை இருப்பதில்லை. ஆசிரியர் பலரிடமும் ‘ரீட் ஆணையம்’ என்ற இரு சொல் விடையே உண்டு. அதற்குமேல் கேட்டால் உரையாடல் வேறு திசைக்குத் திரும்பிவிடுவதைப் பயிற்சிப் பட்டறைகளில் நாம் கண்டிருக்கிறோம்.

2014ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளியின் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு ஒரு முதன்மைப் பாடமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. ஆகவே, இவ்வரலாற்றைப் பிள்ளைகளிடம் கொண்டுசெல்வதற்கான இடம் கால அட்டவணையில் இருக்கிறது. எதைக் கொண்டுசெல்வது என்பதே இக்கட்டுரையின் கவலை. இலண்டன் மாநாடு தொடங்கிய 1956 ஜனவரி 18ஆம் நாளுக்கும் விடுதலை நாளுக்கும் இடைப்பட்ட காலம் அறுநூறு நாளுக்குச் சற்றுக் குறைவு. அந்நாள்களில் எழுதப்பட்ட ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவரின் கோரிக்கைக்கோ அச்சத்திற்கோ அளிக்கப்பட்ட விடையாகும். விடையை மட்டும் மனப்பாடம் செய்வித்து வினாவை மறைத்துவிடுவதுதான் இன்றைய குறை என்பது நம் கருத்து.

அயல்நாட்டு மாதிரிகள்

அரசியலமைப்பு உருவாக்கத்தைச் சிறுவர்க்குக் கற்பிப்பதற்கென ஆங்கிலத்தில் கிடைக்கும் பயிற்றுப் பொருள்களில் பெரும்பகுதி அமெரிக்காவைச் சார்ந்தது. 1787ஆம் ஆண்டுக் கோடையில் பிலடெல்பியா நகரில் 55 பேராளர்கள் கதவுகளை அடைத்துக்கொண்டு நான்கு மாதம் விவாதித்த நிகழ்ச்சி நாடகத்திற்கு ஏற்றது. வகுப்பறையில் நடித்துக் காட்டுவதும் எளிது. நம் ஆசிரியர்களும் இம்மாதிரியை எடுத்துக் கையாள விரும்புவதுண்டு. ஆனால், மலாயாவில் அப்படியொரு பேரவை கூடவே இல்லை.

இந்தியாவின் கதையும் நமக்குப் பொருந்தாது. அங்கே 1946 டிசம்பர் 9ஆம் நாள் கூடிய அரசியல் நிர்ணய சபை, 1949 நவம்பர் 26ஆம் நாள்வரை ஏறக்குறைய மூன்றாண்டுக் காலம் விதி விதியாக விவாதித்தது. மலாயாவின் அரசியலமைப்பையோ வெளிநாட்டுச் சட்ட அறிஞர் ஐவர் வரைந்தனர். உள்நாட்டுத் தலைவர்கள் ஒருவரும் ஆணையத்தில் இடம்பெறவில்லை. இது குறையன்று; துங்குவும் கூட்டணித் தலைவர்களும் விரும்பிக் கேட்டதே இது. உள்ளூரார் அமர்ந்தால் ஒவ்வோர் இனத்தாரும் மற்றவரின் உறுப்பினரை ஐயுறுவர், வேலை இழுபடும் என அவர்கள் கருதினர். இச்செய்தியைச் சொன்னவுடன் பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு: நம் வீட்டு விதியைப் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் எழுத வேண்டும்? அக்கேள்வி எழுந்தால் பாடம் நல்லபடியாகத் தொடங்கிவிட்டது எனலாம்.

கேட்கப்படாமையும் கேட்கப்பட்டமையும்

1956ஆம் ஆண்டை விளக்க 1946க்குச் செல்ல வேண்டியுள்ளது. போருக்குப்பின் திரும்பிவந்த ஆங்கில அரசு, சர் ஹெரால்டு மெக்மைக்கேலை அனுப்பி மலாய் ஆட்சியாளர் ஒன்பதின்மரிடமும் கையொப்பம் பெற்றது. 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயன் யூனியனை நிறுவியது. ஆட்சியாளரின் இறைமை பிரித்தானிய முடிக்குச் சென்றது. குடியுரிமை எல்லா இனத்தவர்க்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. மலாய் மக்கள் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டு மே மாதம் டத்தோ ஓன் ஜாஃபார் தலைமையில் அம்னோ தோன்றியது. ஆகஸ்டில் ஜான் திவியைத் தலைவராகக் கொண்டு மலாயா இந்தியர் காங்கிரசு உருவாயிற்று. யூனியன் ஈராண்டுகூட நிலைக்கவில்லை; 1948 பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு அதன் இடத்தைப் பிடித்தது.

இவ்விரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே நடந்த ஒன்றைப் பாடநூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. கூட்டரசுப் பேச்சில் தங்களுக்கு இடமில்லை எனக் கண்ட மலாய்க்காரர் அல்லாத அமைப்புகள் அகில மலாயாக் கூட்டு நடவடிக்கை மன்றத்தில் ஒன்றுசேர்ந்தன. ம.இ.கா.வும் அதில் உறுப்பு வகித்தது. மலாய் இடதுசாரி அமைப்புகளின் கூட்டான புத்தேராவுடன் இணைந்து அவை 1947இல் மக்கள் அரசியலமைப்பு முன்மொழிவுகளை வெளியிட்டன. எல்லாக் குடிமக்களுக்கும் ‘மெலாயு’ என்ற ஒரே தேசியப் பெயர் வழங்க வேண்டும் என்பது அதில் அடங்கிய துணிவான கருத்து. அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள் நாடு தழுவிய கடையடைப்பும் நிகழ்ந்தது. ஆங்கில அரசு அம்முன்மொழிவைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு அவசரகாலம் பிறந்ததும் அவ்வியக்கமே கரைந்து போயிற்று. ஆயினும், இந்நாட்டு மக்கள் தம் அரசியலமைப்பைத் தாமே எழுதிப் பார்த்த முதல் முயற்சி அதுதான். தோற்றுப்போன வரைவு என்பதற்காக வரலாற்றிலிருந்து அதை நீக்கிவிடுதல் முறையன்று.

1955 ஜூலை 27ஆம் நாள் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில் கூட்டணி, போட்டியிடப்பட்ட 52 இடங்களில் 51ஐ வென்றது. எஞ்சிய ஓரிடம் இஸ்லாமியக் கட்சிக்குச் சென்றது. இவ்வெற்றி எண்ணிக்கையை மாணவர்கள் அறிவர். அவர்கள் அறியாத எண்ணிக்கை வேறொன்று. வாக்காளர் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் பேரில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர், 11 விழுக்காட்டினர் சீனர். இந்தியரும் ஏனையோரும் ஐந்து விழுக்காட்டை எட்டவில்லை. 1957ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ இந்தியர் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர். மக்கள்தொகையிலும் வாக்காளர் பட்டியலிலும் காணும் இவ்வேறுபாட்டின் காரணம் குடியுரிமை. ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு விழுக்காட்டுக் கணக்குத் தெரியும். இவ்விரு எண்களையும் கரும்பலகையில் எழுதிவைத்தால் மீதியை அவர்களே கேட்பர்.

ஐந்து கட்டளையும் ஐந்து அறிஞரும்

1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆட்சியாளர்களின் பேராளர் நால்வரும் கூட்டணியின் பேராளர் நால்வரும் இலண்டனுக்குப் புறப்பட்டனர். கராச்சிவரை கப்பலில் சென்றனர். அங்கிருந்து வானூர்தியில் பறந்தனர். முழுவதும் வானூர்தியில் சென்றிருந்தால் சில நாளில் போய்விடலாம். ஆனால், ஆங்கிலேயர்முன் அமரும் முன்னரே தங்களுக்குள் ஒருமித்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் தேவைப்பட்டது. அரண்மனையும் அரசியல் கட்சியும் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கிய காலம் அது. இலண்டனை அடையும்போது எண்மரும் ஒரே குரலில் பேசினர். பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு இதைவிடச் சுவையான பகுதி இவ்வரலாற்றில் இல்லை. அந்த எண்மரில் இந்தியர் ஒருவரும் இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. துன் வீ.தி. சம்பந்தன் அப்போது அமைச்சரவையில் இருந்தார்; பின்னர்க் கூட்டணியின் கோரிக்கை மனு உருவானபோது ம.இ.கா.வும் பங்கேற்றது.

பிப்ரவரி 8ஆம் நாள் கையொப்பமான இலண்டன் உடன்பாட்டின்படி அரசியலமைப்பு ஆணையம் அமைந்தது. தலைவர் பிரித்தானிய நீதிபதி ரீட் பிரபு. உறுப்பினர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சர் ஐவர் ஜென்னிங்சு, ஆஸ்திரேலியாவின் முன்னாள் தலைமை ஆளுநர் சர் வில்லியம் மெக்கெல், அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக், மேற்குப் பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது ஆகியோர். கனடாவிலிருந்து வரவேண்டியவர் உடல்நலக் குறைவால் வரவில்லை.

இவர்கள் வெற்றுத்தாளில் எழுதத் தொடங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வலுவான நடுவண் அரசும் ஓரளவு தன்னாட்சியுள்ள மாநிலங்களும் கொண்ட கூட்டரசு முறை, ஆட்சியாளர்களின் நிலையையும் மதிப்பையும் காத்தல், ஆட்சியாளர்களுள் ஒருவர் கூட்டரசின் தலைவராதல், நாடு முழுமைக்கும் பொதுவான தேசியம், மலாய்க்காரரின் சிறப்பு நிலையையும் பிற இனத்தவரின் நியாயமான நலன்களையும் பேணுதல் எனும் ஐந்தும் முன்னதாகவே கட்டளையாக அளிக்கப்பட்டிருந்தன. கட்டடத்தின் வரைபடம் கொடுக்கப்பட்டபின் அழைக்கப்பட்ட கொத்தனார்களே அவ்வறிஞர்கள் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால், கொத்தனாரின் கைத்திறத்திலும் பல செய்திகள் அடங்கியுள்ளன.

1956 ஜூன் முதல் அக்டோபர்வரை ஆணையம் 118 முறை கூடியது. 131 கோரிக்கை மனுக்கள் வந்தன. அரசியல் கட்சிகள், வணிகச் சங்கங்கள், இன அமைப்புகள், தனியாள்கள் எனப் பலதரப்பினரும் எழுதியிருந்தனர். பின்னர் உறுப்பினர்கள் ரோம் நகருக்குச் சென்று அறிக்கையை எழுதி முடித்தனர். 1957 பிப்ரவரியில் அறிக்கை வெளியாயிற்று.

ஜென்னிங்சைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அவர், இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பின் உருவாக்கத்தில் டி.எஸ். சேனநாயக்காவின் அறிவுரையாளராக விளங்கியவர். அவர் மலாயாவில் மனுக்களைப் படித்துக்கொண்டிருந்த அதே 1956 ஜூனில் இலங்கை நாடாளுமன்றம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சிறுபான்மையர்க்குக் கேடு செய்யும் சட்டம் கூடாது எனச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவில் காப்பு இருந்தும் இது நடந்தது. தாளில் எழுதிய காப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை ஆணையத்தில் எவரும் உணராதிருந்தால் அவர் உணர்ந்திருப்பார்.

வரைவு மாறிய விதம்

ஆணையம் எழுதியது அப்படியே சட்டமாகவில்லை. தூதாணையர் சர் டொனால்டு மெக்கிலிவ்ரே தலைமையில் பதினொருவர் கொண்ட செயற்குழு, 1957 பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் இறுதிவரை வரைவை வரிவரியாக ஆராய்ந்தது. ஆட்சியாளர்களின் பேராளர் நால்வரும் கூட்டணியினர் நால்வரும் அதில் இருந்தனர். மே மாதம் இலண்டனில் இறுதிப் பேச்சு. ஆகஸ்டு 5ஆம் நாள் உடன்பாடு கையொப்பமாயிற்று. ஆகஸ்டு 15ஆம் நாள் கூட்டரசுச் சட்டமன்றம் ஏற்றது. இந்நாள்களை மாணவர் மனனம் செய்யத் தேவையில்லை. ஆணையத்தின் வரைவும் இறுதி வடிவமும் எங்கெங்கு வேறுபட்டன என்பதையே அவர்கள் காண வேண்டும்.

மலாய்க்காரரின் சிறப்பு நிலையைப் பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் மறுஆய்வு செய்ய வேண்டும் என ஆணையம் பரிந்துரைத்திருந்தது. செயற்குழு அக்கால வரம்பை நீக்கியது. கூட்டரசின் சமயமாக ஒன்றைக் குறிப்பிட வேண்டியதில்லை என்பது ஆணையப் பெரும்பான்மையின் முடிவு. கூட்டணியின் மனு ஒருமுகமாக இருப்பதால் அதனை ஏற்கலாம் என்று அப்துல் ஹமீது மட்டும் மாற்றுக் கருத்து எழுதினார். அவர் வழியே இறுதியில் வென்று, இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்றும் பிற சமயங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்றும் 3ஆவது பிரிவு அமைந்தது. நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது மூன்றாவது மாற்றம். பேச்சுரிமை முதலியவற்றுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் ‘நியாயமானவை’யாக இருத்தல் வேண்டும் என்று வரைவு கூறியது. இந்தியாவின் அரசியலமைப்பிலும் இச்சொல் உண்டு. எது நியாயம் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும் நிலை வரும் என அப்துல் ஹமீது எதிர்த்தார். 10ஆவது பிரிவிலிருந்து அச்சொல் விடுபட்டது. ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின், 2010இல், சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அச்சொல் அங்கே உள்ளதாகவே கொண்டு பொருள்கொள்ள வேண்டும் என்றது. ஒற்றைச் சொல்லின் பயணம் இது. மொழியாசிரியர்க்கு இதைவிட ஏற்ற எடுத்துக்காட்டு வேண்டுமா?

152ஆவது பிரிவும் தமிழ்ப்பள்ளியும்

மலாய் தேசிய மொழி. ஆங்கிலம் பத்தாண்டுக்குத் தொடரும் என்பதில் பெரிய வேறுபாடு எழவில்லை. மலாயோ ஆங்கிலமோ சரளமாகப் பேச இயலாத சட்டமன்ற உறுப்பினர், அப்பத்தாண்டுக் காலத்தில் சீன மொழியிலோ இந்திய மொழி ஒன்றிலோ பேசுவதற்கு வரையறுத்த உரிமை தரலாம் எனவும் ஆணையம் பரிந்துரைத்திருந்தது. செயற்குழுவின் கையில் அது கழிந்தது. நாடாளுமன்றத்தில் தமிழ் ஒலித்திருக்கக்கூடிய வாய்ப்பு அவ்வாறு மறைந்தது.

நிலைத்தது வேறொன்று. 152ஆவது பிரிவு தேசிய மொழியை அறிவித்த கையோடு விலக்கொன்றையும் சேர்த்திருக்கிறது: ஆட்சித்துறைப் பயன்பாட்டுக்கு அன்றி வேறெவ்வகையிலும் பிற மொழியைப் பயன்படுத்துவதையோ, அதனைக் கற்பிப்பதையோ கற்பதையோ எவருக்கும் தடுக்கலாகாது, பிற இனத்தவரின் மொழிப் பயன்பாட்டையும் பயில்வையும் பேணி வளர்க்கும் அரசின் உரிமைக்கும் இதனால் குறைவில்லை. விடுதலையின்போது இயங்கிய எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளும், இன்று எஞ்சியுள்ள ஐந்நூற்றுச் சொச்சம் பள்ளிகளும் இவ்வரிகளை அடித்தளமாகக் கொண்டவை. கல்விச் சட்டங்கள் மாறி வந்துள்ளன: 1957, 1961, 1996. அடித்தளம் அதுவே.

அது எவ்வளவு உறுதியானது என்ற ஐயம் இருமுறை நீதிமன்றம் ஏறியது. மெர்டேக்காப் பல்கலைக்கழக வழக்கில் 1982இல் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, ஒரு மொழியைக் கற்பிப்பது வேறு, அம்மொழி வாயிலாகக் கற்பிப்பது வேறு எனப் பிரித்துக் காட்டியது. பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பாகும், ஆதலின் அங்கே சீனம் பயிற்றுமொழியாவது ஆட்சித்துறைப் பயன்பாடாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே வேறுபாட்டை ஆயுதமாகக் கொண்டு, தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று பிற்காலத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றமும் 2022 மே மாதம் கோத்தா பாரு உயர்நீதிமன்றமும் அவற்றைத் தள்ளுபடி செய்தன. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை உறுதிப்படுத்தியது. 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. வகுப்பறையில் அமர்ந்து தமிழில் கணக்குப் போடும் பிள்ளை, தான் அமர்ந்திருக்கும் பலகைக்கே ஒரு வரலாறு உண்டென்று அறிந்துகொள்ளும் உரிமை உடையது.

தோட்டத்து வீடுகளின் வரலாறு

மலாயா விடுதலை பெற்ற நாளிலோ அதன் பின்னரோ மண்ணில் பிறந்தவர் யாவரும் குடிமக்கள் என்று அன்றைய அரசியலமைப்பு கூறியது. அதற்கு முன்னர்ப் பிறந்தோர்க்கும் வந்து குடியேறியோர்க்கும் பதிவு ஒரு வழி. இங்கே பிறந்தவர் முந்திய ஏழாண்டில் ஐந்தாண்டும், வெளியில் பிறந்தவர் பன்னிரண்டில் எட்டாண்டும் வாழ்ந்திருத்தல் வேண்டும். மலாய்மொழியறிவும் வேண்டும், ஆனால், முதலோராண்டுக்கு அம்மொழித் தேர்வு தளர்த்தப்பட்டது. அந்த ஓராண்டு தோட்டப்புறத் தமிழர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. படிவம் நிரப்பினோர் குடிமக்கள் ஆயினர். பிறப்புச் சான்றில்லாதோர், எழுத்தறியாதோர், ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றெண்ணியோர், சொல்வதற்கு ஆளில்லாதோர் பலர் பின்தங்கினர். சிவப்பு அடையாள அட்டையின் கதை அங்கே வேர்கொண்டது. சிங்கப்பூரில் அதே காலத்தில் தமிழ் முரசின் கோ. சாரங்கபாணி, குடியுரிமைக்குப் பதியுமாறு தமிழரைத் தொடர்ந்து வற்புறுத்தி வந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். மண்ணில் பிறந்தால் போதும் என்ற விதியும் நெடுநாள் நிற்கவில்லை. 1962ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றது.

வரலாற்றாசிரியர்கள் இப்பகுதியைப் பேரம் என்று அழைப்பர். ஒரு தரப்பு குடியுரிமையை விட்டுக்கொடுத்தது, மறுதரப்பு சிறப்பு நிலையை ஏற்றது என்பது வழக்கமான விளக்கம். சமூக ஒப்பந்தம் எனும் சொல் அரசியலமைப்பில் எங்கும் இல்லை. பிற்காலத்தில் வழக்கிற்கு வந்தது. பிள்ளைகளிடம் அச்சொல்லைத் திணிப்பதைவிட, யார் என்ன கேட்டனர், யார் எதைப் பெற்றனர் என்பதை எண்ணிப் பார்க்கச் செய்வதே மேல்.

வகுப்பறையில்

இவ்விடத்தில் ஆசிரியர்களின் தயக்கத்தை நேராகப் பேசிவிடுவது நல்லது. 1969 மே 13ஆம் நாள் கலவரத்தையடுத்து, குடியுரிமை, தேசிய மொழி, சிறப்பு நிலை, ஆட்சியாளரின் இறைமை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்குவதைத் தடைசெய்யும் அதிகாரத்தை 1971ஆம் ஆண்டுத் திருத்தம் நாடாளுமன்றத்திற்கு வழங்கியது. அதனால் இவை வகுப்பறையில் பேசத்தகாதவை என்ற எண்ணம் பரவிவிட்டது. ஒரு விதியை எதிர்ப்பதும் அவ்விதி எவ்வாறு பிறந்தது என்று கற்பிப்பதும் ஒன்றாகா. மேலே நாம் எடுத்துரைத்த செய்திகள் யாவும் ஆணையத்தின் அச்சிட்ட அறிக்கையிலும் அரசியலமைப்பு நூலிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் வெளிப்படையாக உள்ளவை. ஆசிரியர் தம் கருத்தைத் திணிக்காமல் இவற்றை முன்வைப்பாராயின் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. மௌனமே கேடு, பள்ளியில் கேளாததைப் பிள்ளை வேறிடத்தில், வெறுப்புக் கலந்து கேட்கும்.

பத்து வயதுப் பிள்ளைக்குக் கூட்டரசு என்ற கருத்து பிடிபடாது, பங்கீடு பிடிபடும். பினாங்கிலும் மலாக்காவிலும் ஏன் சுல்தான் இல்லை என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம். மலாக்காவின் சுல்தான் 1511இல் போர்த்துகீசியரிடம் நகரை இழந்தார். பினாங்கு 1786இல் கெடாவிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. இவ்விரண்டும் பிரித்தானிய முடியின் குடியேற்றங்களாக இருந்தவை. எஞ்சிய ஒன்பது மாநிலங்களும் உடன்படிக்கையால் பாதுகாக்கப்பட்டவை. ஒன்பது அரசர் இருக்கும் வீட்டில் ஒருவரை மட்டும் எப்படித் தலைவராக்குவது? ஐந்தாண்டுக்கு ஒருவர், ஆட்சியாளர்கள் மாநாடு தேர்ந்தெடுக்கும் முறை என்ற விடையை மாணவர் சிலர் தாமே கண்டுபிடித்துவிடுவர். அதன்பின் ஒரு ரிங்கிட் தாளை எடுத்துக் காட்டி, அதிலுள்ளவர் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான், 1957இல் தேர்வான முதல் மாமன்னர் என்றால், அந்தப் படம் அவர்கள் நினைவை விட்டு அகலாது. துங்கு அப்துல் ரஹ்மானோடு பெயர்க் குழப்பம் நேரும். அதனை முதலிலேயே தீர்த்துவிடுதல் வேண்டும்.

இன்னொரு செய்தியும் பிள்ளைகளை வியக்க வைப்பது. விடுதலைக்குப்பின் ஈராண்டுகள் பழைய சட்டமன்றமே நாட்டை நடத்தியது. அரசியலமைப்பு சொன்ன இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றம், 1959 ஆகஸ்டில் 104 தொகுதிகளுக்கு நடந்த தேர்தலுக்குப் பின்னரே கூடியது. சட்டம் எழுதி முடிந்த அன்றே அரசு முழுமையாக அமைந்துவிடுவதில்லை. 1963இல் சபா, சரவாக், சிங்கப்பூர் ஆகியவை சேர்ந்தபோதும், 1965இல் சிங்கப்பூர் பிரிந்தபோதும் அதே நூல் மீண்டும் திருத்தப்பட்டது.

ஆறாம் ஆண்டு மாணவர்க்கு மனு எழுதும் பயிற்சியை நாம் பரிந்துரைக்கிறோம். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை மீனவர் கிராமமாகவும், ஒன்றை ஈயச் சுரங்க நகரமாகவும், ஒன்றை இரப்பர்த் தோட்டமாகவும், ஒன்றை அரண்மனையாகவும் கொள்ளச் செய்து, 1956ஆம் ஆண்டின் ஆணையத்திற்கு ஒவ்வொரு குழுவும் பத்து வரிக்குள் எழுத வேண்டும். ஐந்து மாணவர் ஆணையமாக அமர்வர். தோட்டக் குழுவில் தமிழ்ப்பிள்ளைகள் மட்டும் இருக்கக்கூடாது. தமிழ்ப்பிள்ளை அரண்மனைக்காகவும் மீனவருக்காகவும் எழுதிப் பழக வேண்டும். தன் குரலில் பேசுவது எளிது, பிறர் அச்சத்தைத் தன் சொல்லால் எழுதுவதில்தான் பயிற்சி உள்ளது. ஆணையம் ஒரு பக்க வரைவை எழுதி முடித்தபின், ஆசிரியர் அதனைச் செயற்குழுவாக அமர்ந்த வேறு மாணவர்களிடம் கொடுத்து, இரண்டு சொற்களை மட்டும் நீக்கலாம், ஒன்றை மட்டும் சேர்க்கலாம் என்று விதித்தல் வேண்டும். நீக்கிய சொற்கள் எவை, அவற்றால் எந்தக் குழுவுக்கு என்ன நேர்ந்தது என்று அக்குழுவினரே எழுந்து சொல்லட்டும். பாட நேரம் அத்துடன் முடிந்துவிடும். 152ஆவது பிரிவின் மூலத்தை மலாய்மொழியில் படிப்பதற்கு அடுத்த வகுப்பை ஒதுக்கிக்கொள்ளலாம்.